துலாக்கோலும் தூக்குமேடையும்: கென் சாரோ-விவாவும் ஒகோனி நிலமும்



மனித உரிமை, பொருளாதார வளர்ச்சி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்னும் மூன்றையும் சமன்செய்து நடத்த வேண்டும் என்பது அரசியல் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் கருத்து. 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி மாநாட்டிற்குப் பின் இக்கருத்து உலக ஒப்பந்தங்கள் பலவற்றிலும் இடம்பெற்றுவிட்டது. சமன்செய்தல் என்றதும் தமிழர் நினைவிற்கு வருவது வள்ளுவர் காட்டிய துலாக்கோல். ஆயின் துலாக்கோல் தானே நிறுப்பதில்லை. அதனைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தட்டில் எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். மக்களாட்சி வேரூன்றாத நாடுகளில் தராசைப் பிடிப்பவரே சரக்கை வாங்குபவராகவும் இருந்துவிடுகிறார். சரக்குக்கு உரியவர் சந்தைக்குள்ளேயே விடப்படுவதில்லை. இந்நிலை ஒரு சிற்றினத்தை என்ன செய்தது, அவ்வினத்தில் தோன்றிய ஓர் எழுத்தாளரை என்ன செய்தது என்பதே இவ்வுரையின் பொருள். நாடு நைஜீரியா. எழுத்தாளர் கென் சாரோ-விவா.

நைஜர் ஆறு கினி வளைகுடாவில் கலக்குமுன் எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து பரந்ததொரு கழிமுகத்தை உண்டாக்கியுள்ளது. உப்பங்கழிகள், கண்டல் காடுகள், அவற்றை அடுத்து மழைவளம் மிக்க மேட்டு நிலம் என்று நெய்தலும் மருதமும் கைகோத்து நிற்கும் பகுதி அது. அதன் கிழக்கு ஓரத்தில், போர்ட் ஹார்கோர்ட் நகருக்கு அருகில், ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது ஒகோனி நிலம். கானா, கொகானா, எலெமே முதலிய உறவுமொழிகளைப் பேசும் அம்மக்கள் 1990ஆம் ஆண்டளவில் சுமார் 5 லட்சம் பேர். கிழங்கு நட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள். 250க்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் நைஜீரியாவில், ஹவுசா-ஃபுலானி, யொரூபா, இக்போ என்னும் மூன்று பேரினங்களின் நடுவில், இவர்கள் தேர்தல் கணக்குகளில் ஒரு பொருட்டாக எண்ணப்படாதவர்கள். இந்த எண்ணிக்கைச் செய்தி பின்னர் வரும் அனைத்திற்கும் அடிப்படை.

1956ஆம் ஆண்டு ஒலோய்பிரி என்னும் ஊரில் ஷெல்-பிபி நிறுவனம் எண்ணெய் கண்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. அதே ஆண்டில் ஒகோனி நிலத்திலும் எண்ணெய் கண்டறியப்பட்டது. நாடு விடுதலை பெற்றது 1960இல்தான் என்பதை நோக்க, மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் வாங்குமுன்பே நிலத்தடிச் செல்வம் கைமாறிவிட்டது எனலாம். அடுத்த இருபதாண்டுகளுக்குள் நைஜீரியாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் எண்ணெயிலிருந்தே வரலாயிற்று. குடிமக்களிடம் வரி வாங்கி வாழும் அரசு, விருப்பமில்லாவிடினும், அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. குழாயிலிருந்து வாழும் அரசுக்கு அத்தேவை இல்லை. குழாய் ஓடினால் போதும். அது யார் வயலின் குறுக்கே ஓடுகிறது என்பது அரசுக்கு ஒரு கேள்வியே அன்று. நைஜீரியாவில் மக்களாட்சி மீண்டும் மீண்டும் சரிந்ததற்குப் படைத்தலைவர்களின் பேராசையை மட்டும் காரணம் காட்டுவோர் இதனைக் கருதுவதில்லை.

பங்கீட்டின் வரலாறும் ஒரு சிறுகதைபோல் சுருக்கமானது. விடுதலைக் காலத்தில் வருவாய் எந்த வட்டாரத்தில் விளைந்ததோ அந்த வட்டாரத்திற்கு அதில் பாதி, அதாவது 50 விழுக்காடு, திரும்பியது. அன்று வருவாய் தந்தவை கொக்கோ, நிலக்கடலை, பனையெண்ணெய் ஆகியவை. அவை பேரினங்களின் மண்ணில் விளைந்தவை. சிற்றினங்களின் மண்ணிலிருந்து கச்சா எண்ணெய் பெருகத் தொடங்கியதும் அந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து, 1980களில் ஒன்றரை விழுக்காட்டிற்கு வந்து நின்றது. 1978ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நிலம் முழுவதையும் மாநில ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. இதற்குப் பின் ஒரு குடியானவர் கேட்கக்கூடியது அழிந்த பயிருக்கும் மரத்திற்கும் கட்டடத்திற்கும் இழப்பீடு மட்டுமே, மண்ணுக்கு அன்று.

சுற்றுச்சூழல் சட்டங்களும் இல்லாமற் போகவில்லை. எண்ணெயோடு வெளிவரும் எரிவாயுவைத் திறந்த வெளியில் கொளுத்திவிடுவது கழிமுகத்து வழக்கம். ஊர்களை ஒட்டி இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் அத்தீ எரிந்ததால் இருட்டையே காணாமல் வளர்ந்த பிள்ளைகள் உண்டு. 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 1984 ஜனவரி முதல் இதனைத் தடை செய்தது. ஆனால் அமைச்சரின் இசைவு பெற்றால் எரிக்கலாம் என்று அச்சட்டமே ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. விதி ஒரு பக்கத்தில் இருந்தது. விலக்கு மறுபக்கத்தில் இருந்தது. தீ எரிந்துகொண்டே இருந்தது.

சாரோ-விவா இந்நிலத்தின் போரி நகரில் 1941 அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தார். இபாதான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1967இல் பியாஃப்ரா போர் மூண்டபோது நடுவண் அரசின் பக்கம் சேர்ந்து, எண்ணெய்த் துறைமுகமான போனியின் ஆட்சி அலுவலராகப் பணியாற்றினார். அச்சார்பும், பின்னாளில் இக்போ மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் தெரியும் கசப்பும் விவாதத்திற்கு உரியவை. அவரை மாசற்ற திருவுருவாக்கி வணங்குவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். வணிகர், பதிப்பாளர், தொலைக்காட்சித் தொடர் ஆசிரியர், இதழ்களில் கட்டுரையாளர் என்று பல தொழில் செய்தவர் அவர். 1985 முதல் 1990 வரை ஒளிபரப்பான அவருடைய 'பாசி அண்ட் கம்பெனி' என்னும் நகைச்சுவைத் தொடரின் நாயகன், உழைக்காமல் கோடீசுவரன் ஆகிவிடலாம் என்று நாள்தோறும் கனவு காணும் லாகோஸ் நகரத்து ஆள். எண்ணெய்ப் பணம் ஒரு நாட்டின் மனத்தை என்ன செய்யும் என்பதைச் சிரித்தபடியே காட்டிய தொடர் அது.

அவருடைய இலக்கியத் தகுதிக்குச் சான்றாக நிற்பது 1985இல் அவரே பதிப்பித்த 'சோசாபாய்' என்னும் நாவல். 'அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல்' என்று துணைத்தலைப்பும் இட்டார். கொச்சை மொழி, உடைந்த ஆங்கிலம், இடையிடையே திருத்தமான ஆங்கிலம் ஆகியவை கலந்த நடை அது. இலக்கண வரம்புக்குள் அடங்காததால் அதற்கெனத் தனியே ஒரு சொல்லகராதியும் நூலின் இறுதியில் சேர்க்கப்பட்டது. வட்டார வழக்கு இலக்கியமாகுமா என்று தமிழில் நடந்த வாதங்களை அறிந்தோர்க்கு இத்துணிவின் அளவு விளங்கும். கதைநாயகன் மேனே, லாரி ஓட்டப் பழகும் கிராமத்து இளைஞன். புதுமணைவியின் கண்ணில் ஆண்மகனாகத் தோன்ற வேண்டிப் படையில் சேர்கிறான். யாரை எதிர்த்துப் போர், எதற்காகப் போர் என்று அவனுக்கு இறுதிவரை தெரியவில்லை. அதிகாரிகள் பேசும் பெரிய பெரிய ஆங்கிலச் சொற்கள் அவன் தலைக்கு மேல் பறக்கின்றன. அச்சொற்களின் பொருள் பிடிபடாததே அவனுடைய அழிவு. ஊர் திரும்பும்போது ஊரார் அவனைப் பேய் என்று அஞ்சி ஒதுக்குகின்றனர்.

இந்நாவலை இங்கு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ச்சி, நாட்டு நலன், தேசிய ஒற்றுமை என்னும் சொற்களும் அவ்வாறே ஒகோனி மக்களின் தலைக்கு மேல் பறந்தவைதான். கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அவர்கள் அறியாத மொழியில் இருந்தன. கசிவைப் பற்றிய அறிக்கைகளும் அவர்கள் அறியாத மொழியில் எழுதப்பட்டன. சாரோ-விவாவின் இலக்கியப் பணியும் அரசியல் பணியும் வெவ்வேறு அல்ல. பெரிய சொற்களின் கீழே நிற்பவனுக்கு அவற்றைத் திருப்பிச் சொல்ல ஒரு மொழியைத் தேடியதே இரண்டும்.

1990 ஆகஸ்டில் ஒகோனித் தலைவர்கள் கூடி 'ஒகோனி உரிமைச் சாசனம்' ஒன்றில் கையெழுத்திட்டனர். ஒகோனி மக்கள் வாழ்வுரிமை இயக்கமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. சாசனம் உணர்ச்சிப் பெருக்கில் எழுதப்பட்டதன்று, கணக்கேடு போன்றது. முப்பதாண்டுகளில் தங்கள் மண் நாட்டிற்கு ஈட்டித் தந்த தொகை 3,000 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. கைம்மாறாகத் தங்களுக்குக் குழாய்நீர் இல்லை, மின்சாரம் இல்லை, நடுவண் அமைப்புகளில் இடம் இல்லை என்று வரிசைப்படுத்தியது. கவிஞர்கள் குறித்துக்கொள்ளத் தக்க செய்தி ஒன்று அதில் உண்டு. தங்கள் மொழிகள் வளர்ச்சியின்றி அழியும் நிலையில் இருக்கின்றன, பிறர் மொழிகள் தங்கள் மேல் சுமத்தப்படுகின்றன என்னும் முறையீடு, எண்ணெய்க் கணக்கோடு சேர்த்தே வைக்கப்பட்டது. மண்ணைக் காக்கும் உரிமையும் மொழியைப் பேணும் உரிமையும் ஒரே தாளில் அமைந்தன. பிரிந்து போகும் கோரிக்கை எதுவும் அதில் இல்லை. நைஜீரியாவுக்குள் இருந்தே தன்னாட்சி வேண்டும் என்றுதான் அது கேட்டது. அரசு மறுமொழி தரவில்லை.

1993 ஜனவரி 4ஆம் நாள் சுமார் 3 லட்சம் ஒகோனி மக்கள் அமைதி ஊர்வலம் சென்றனர். மொத்த மக்களில் பாதிக்கு மேல் தெருவுக்கு வந்த நாள் அது. அவ்வாண்டிலேயே ஷெல் ஒகோனி நிலத்தில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. ஆனால் பிற பகுதிகளின் எண்ணெயைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லும் குழாய்கள் அந்நிலத்தின் குறுக்கே தொடர்ந்து ஓடின. ஏப்ரல் இறுதியில் பியாரா என்னும் ஊரருகே குழாய் பதிப்பதற்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. எதிர்த்துக் கூடியவர்கள்மீது படையினர் சுட்டதில் பெண்ணொருவர் கையை இழந்தார்.

இதன்பின் வருவதே இவ்வரலாற்றில் மிகக் கடினமான இடம். 1993 ஜூன் 12ஆம் நாள் குடியரசுத் தலைவர் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. படையாட்சியிலிருந்து மக்களாட்சிக்கு நாடு திரும்பும் வாயில் என்று அதனை எல்லோரும் எதிர்பார்த்தனர். ஒகோனி இயக்கம் அத்தேர்தலைப் புறக்கணிப்பதா, பங்குகொள்வதா? சிற்றினங்களுக்கு எவ்வகைக் காப்பும் தராத அரசியலமைப்பின்கீழ் வாக்களிப்பது அந்த அமைப்பை ஏற்றுக்கொள்வதாகும் என்றார் சாரோ-விவா. இயக்கத் தலைவர் காரிக் லெட்டனும் துணைத்தலைவர் எட்வர்ட் கொபானியும் இதனை ஏற்கவில்லை. எவ்வளவு குறையுடையதாயினும் தேர்தலே கிடைத்த வழி, அதனை விட்டால் படையினர்தாம் எஞ்சுவர் என்பது அவர்கள் கருத்து. இருவரும் விலகினர். புறக்கணிப்பு நடந்தது. தேர்தலும் நடந்தது, மோஷூத் அபியோலா முன்னணியில் இருந்தபோது படையாட்சித் தலைவர் பாபங்கிடா முடிவையே செல்லாதது ஆக்கினார். நவம்பரில் சானி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார்.

யார் சொன்னது சரி? எளிதில் விடை கூற இயலாது. பெரும்பான்மையின் வாக்கு தங்களைக் காக்காது என்ற சாரோ-விவாவின் கணிப்பு உண்மையே. ஆனால் மக்களாட்சி சரிந்தபோது முதலில் நசுங்கியவர்கள் ஒகோனி மக்களே என்பதும் உண்மை. வலுவற்ற மக்களாட்சியில் சிற்றினம் ஒன்று சிக்கிக்கொள்ளும் பொறி இதுதான்: அமைப்பினுள் நின்றால் எண்ணிக்கையில் தோற்கும், வெளியே நின்றால் படையிடம் தோற்கும். புறக்கணிப்பு முடிவில் சாரோ-விவா காட்டிய உறுதி அறம் சார்ந்தது. அரசியல் நோக்கில் அது அவருடைய மக்களை இரண்டாகப் பிளந்தது. அவரைப் போற்றும் நூல்களில் முதற்பகுதி விரிவாக இருக்கிறது. இரண்டாம் பகுதி அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

பிளவு வளர்ந்தது. அரசோடு பேச வேண்டும் என்றவர்களை இயக்கத்து இளைஞர்கள் 'பிணந்தின்னிக் கழுகுகள்' என்று அழைக்கலாயினர். உவமை என்பது கவிஞர் கையில் இருக்கும்வரை அழகு. கூட்டத்தின் வாயில் அது குறிவைக்கும் கருவி. 1994 மே 21ஆம் நாள் கியோகூ என்னும் ஊரில் கூடியிருந்த தலைவர்களை ஒரு கும்பல் தாக்கியது. எட்வர்ட் கொபானி, ஆல்பர்ட் பாடே, சாமுவேல் ஒராகே, தியோஃபிலஸ் ஒராகே ஆகிய நால்வர் கொல்லப்பட்டனர். கொபானி சாரோ-விவாவின் நெடுநாள் நண்பர். இந்நால்வரும் ஒகோனி மக்களே. உயிர்வாழும் உரிமை அவர்களுக்கும் இருந்தது. மனித உரிமையைப் பற்றிய உரையில் இவர்கள் பெயர் விடுபடுமானால் அவ்வுரை ஒருசாய்ந்த தராசாகவே இருக்கும்.

அன்று சாரோ-விவா அவ்வூரில் இல்லை. அப்பகுதிக்குள் செல்லவிடாமல் படையினர் அவரை வழியிலேயே திருப்பி அனுப்பியிருந்தனர். ஆயினும் கொலைக்குத் தூண்டியவர் என்று மறுநாள் கைது செய்யப்பட்டார். மேல்முறையீட்டிற்கு இடமில்லாத தனித் தீர்ப்பாயம் ஒன்று அமைக்கப்பட்டது. நியாயமான விசாரணைக்கு வழியில்லை என்று எதிர்தரப்பு வழக்கறிஞர்கள் இடையிலேயே விலகினர். அரசுத் தரப்புச் சாட்சிகளுள் இருவர், பொய்ச்சாட்சி சொல்லக் கையூட்டுத் தரப்பட்டதாக உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். எதுவும் பயன் தரவில்லை. 1995 நவம்பர் 10ஆம் நாள் போர்ட் ஹார்கோர்ட் சிறையில் சாரோ-விவாவும் மற்ற எண்மரும் தூக்கிலிடப்பட்டனர். அப்போது நியூசிலாந்தில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் கூடியிருந்தனர். மறுநாளே நைஜீரியா அவ்வமைப்பிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டது. தூக்குக்கயிறு முந்திக்கொண்டது, கண்டனம் பிந்தி வந்தது. முன்னொரு முறை அவர் சிறையில் இருந்த காலத்தைப் பற்றிய குறிப்புகள் 'ஒரு மாதமும் ஒரு நாளும்' என்னும் பெயரில் அவர் மறைந்த பின்னர் நூலாயின.

படையாட்சி மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்றால் 1999 மே 29இல் மக்களாட்சி மீண்டதும் துயர் தீர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் விளையும் மாநிலங்களின் பங்கு 13 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது என்று புதிய அரசியலமைப்பு விதித்தது. அது மெய்யான முன்னேற்றம். ஆனால் அவ்வாண்டு நவம்பரில், பன்னிரண்டு காவலரை ஆயுதக் கும்பலொன்று கொன்றதற்குப் பழிவாங்கக் கழிமுகத்தின் ஓடி என்னும் ஊருக்குள் படை நுழைந்தது. சில கட்டடங்கள் நீங்கலாக ஊரே தரைமட்டமாயிற்று. படையை அனுப்பியவர் மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர். 2013இல் நடுவண் நீதிமன்றமொன்று அவ்வூர் மக்களுக்கு 3,760 கோடி நைரா இழப்பீடு தர ஆணையிட்டது. வாக்குப்பெட்டி வந்ததனால் துப்பாக்கி நிற்கவில்லை. ஆனால் வழக்காடும் இடம் ஒன்று கிடைத்தது. இந்த வேறுபாடு சிறிதன்று.

அரசியலமைப்பைப் பற்றி ஒரு செய்தி தமிழக வாசகர்க்கு நெருக்கமானது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்று நைஜீரியாவின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அது இரண்டாம் இயலில் இருக்கிறது. அவ்வியலில் உள்ளவற்றை நீதிமன்றத்தில் நேராக வலியுறுத்த இயலாது. இந்திய அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளை ஒத்த ஏற்பாடு இது. இந்தியாவிலும் 48ஏ பிரிவு இவ்வாறே கை கட்டப்பட்டு நின்றது. உச்சநீதிமன்றம் உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் பிரிவுக்குள் தூய நீரையும் காற்றையும் சேர்த்துப் படித்ததால்தான் அதற்கு வலிமை வந்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்னும் நெறியை அந்நீதிமன்றம் நாட்டின் சட்டமாக அறிவித்தது. நைஜீரியாவிலும் 2005இல் பெனின் நகர நீதிமன்றம் எரிவாயுவைக் கொளுத்துவது உயிர்வாழும் உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது; தீ அணையவில்லை. பாலாற்று வழக்கிலும் உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. தீர்ப்பின் தாளுக்கும் ஆற்றின் நீருக்கும் இடையே உள்ள தொலைவை வாணியம்பாடியும் ஆம்பூரும் அறியும்.

ஒகோனி நிலத்தின் உடல்நிலையை முதன்முதலாக முறையாக ஆய்ந்தது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம். 14 மாத ஆய்வின் அறிக்கை 2011 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆய்வுச் செலவை ஏற்றது எண்ணெய் நிறுவனமே. ஆயினும் அறிக்கை மழுங்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. பல இடங்களில் எண்ணெய் 5 மீட்டர் ஆழத்திற்கும் கீழே இறங்கியிருந்தது. நிசிசியோகென் ஒகாலே என்னும் ஊரில் நிலத்தடி நீரின்மேல் 8 சென்டிமீட்டர் தடிப்பில் சுத்திகரித்த எண்ணெய் மிதந்தது. அங்கு மக்கள் குடித்த கிணற்று நீரில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார அமைப்பு வகுத்த அளவைப்போல் 900 மடங்கு இருந்தது. நிலம் முழுவதையும் மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும், முதல் ஐந்தாண்டுக்கு மட்டும் 100 கோடி டாலர் வேண்டும் என்றது அறிக்கை. தூய்மைப் பணியின் தொடக்க விழா 2016இல் நடந்தது. ஒப்பந்தக்காரர்களிடம் இடங்கள் ஒப்படைக்கப்பட்டது 2019இல். கிணற்றைப் பற்றிய உண்மை வெளிவந்தபோது பிறந்த குழந்தை, அதற்குள் பள்ளியில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும்.

அவ்வறிக்கை இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியது. திருடிய கச்சா எண்ணெயைப் பீப்பாய்களில் ஊற்றிக் கழியோரங்களில் காய்ச்சி வடிக்கும் தொழில், 2007க்குப் பின் பெருகிவிட்டது. சாராயம் காய்ச்சுவதைப் போன்ற தொழில். பல வேளைகளில் காய்ச்சுபவரும் உடன் எரிந்து போகிறார். போடோ மேற்குப் பகுதியில் 2007க்கும் 2011க்கும் இடையே நலமாயிருந்த கண்டல் காட்டில் பத்தில் ஒரு பங்கு அழிந்தது. காய்ச்சியவர்கள் அயலார் அல்லர்; அக்கழிமுகத்துப் பிள்ளைகளே. கசிவுக்கெல்லாம் நாசவேலையும் திருட்டுமே காரணம் என்று நிறுவனம் சொல்வதற்கு இதுவே ஆதாரமாயிற்று. மீனும் வயலும் போன பின் வேறு பிழைப்பு ஏது என்பது அவ்விளைஞர்களின் வாதம். இரண்டிலும் உண்மை கலந்திருக்கிறது. வறுமை இயற்கையைக் காக்கும் என்னும் நம்பிக்கை நகரத்துக் கவிஞர்களின் கற்பனை. உரிமையும் பிழைப்பும் பறிபோன இடத்தில், காட்டைக் காப்பது தன் கடமை என்று எண்ணுமாறு ஒருவரை எவ்வாறு கேட்பது?

நிறுவனத்தின்மேல் வழக்குகளும் தொடர்ந்தன. 2009இல் சாரோ-விவா குடும்பத்தாரும் மற்றவர்களும் நியூயார்க்கில் தொடுத்த வழக்கில் ஷெல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஒரு கோடியே 55 லட்சம் டாலர் தந்து முடித்துக்கொண்டது. போடோ மக்களுக்கு 2015இல் ஐந்தரைக் கோடி பவுண்டு கிடைத்தது. உள்நாட்டு நீதிமன்றங்களில் காணாத நீதியை ஒரு மீனவர் கடல் கடந்து இலண்டனில் தேட வேண்டியிருந்தது என்பது நைஜீரிய மக்களாட்சிக்குப் பெருமை தரும் செய்தியன்று. கழிமுகத்தின் நிலப்பகுதி எண்ணெய்த் தொழிலை உள்நாட்டுக் கூட்டு நிறுவனமொன்றிற்கு விற்று, 2025 மார்ச்சில் ஷெல் அதிலிருந்து வெளியேறியது. சரக்கு கைமாறிவிட்டது, மண்ணில் இறங்கிய எண்ணெய் அங்கேயே கிடக்கிறது.

2025 ஜூன் 12ஆம் நாள் நைஜீரியக் குடியரசுத் தலைவர் போலா டினுபு, சாரோ-விவாவுக்கும் மற்ற எண்மருக்கும் நாட்டின் விருதுகளை அறிவித்து, அவர்களுக்கு முழு மன்னிப்பு வழங்குவதாகவும் கூறினார். ஜூன் 12 இப்போது அந்நாட்டின் மக்களாட்சி நாள். 1993இல் சாரோ-விவாவின் இயக்கம் புறக்கணித்த அதே தேர்தலின் நினைவு நாள். மன்னிப்பு என்னும் சொல்லை ஒகோனி மக்களில் பலரும் மனித உரிமை அமைப்புகளும் ஏற்கவில்லை. குற்றம் செய்தவருக்கே மன்னிப்பு. செய்யாதவருக்கு வேண்டுவது தீர்ப்பை நீக்குவது என்கின்றனர். விருதுக்கு முந்திய மாதங்களிலேயே, ஒகோனி நிலத்தில் மீண்டும் எண்ணெய் எடுப்பது குறித்து அரசு அம்மக்களின் பேராளர்களோடு பேச்சைத் தொடங்கியிருந்தது.